தண்ணீர் புரையேறினால் ஏன் ஸ்பீச் தெரபிஸ்டிடம் அனுப்புகிறார்கள்?

மேலூர் பக்கத்திலிருந்து பிளஸ் டூ படிக்கும் ஒரு பெண் கேட்டிருக்கிறாள். தாத்தாவுக்குப் பக்கவாதம் வந்து ஆறு வாரம் ஆகிறது. பேச்சு குழறுகிறது. குழைந்த சோறு ஒருவழியாக இறங்கிவிடுகிறது, தண்ணீர் குடித்தால் மட்டும் புரையேறுகிறது. மதுரையில் காட்டியபோது ஸ்பீச் தெரபிஸ்டைப் பார்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். "தண்ணீர் இறங்காததற்குப் பேச்சு டாக்டர் எதற்கு? இதற்கென்று படிப்பு இருக்கிறதா? இதில் ஒருவர் ஆயுள் முழுக்க ஆராய்ச்சி செய்கிற அளவுக்கு என்னதான் இருக்கிறது?" என்பது அவள் கேள்வி.

நான் மதுரையில் இருபத்து மூன்று வருடமாக இந்த வேலை செய்கிறேன். மூன்று கேள்விக்கும் பதில் சொல்கிறேன் பாப்பா. மூன்றாவது கேள்வியில் கொஞ்சம் அதிக நேரம் நிற்பேன், ஏனென்றால் மற்ற இரண்டுக்கும் பதில் அதற்குள்தான் இருக்கிறது.

முதலில் தாத்தா. சோறு இறங்குகிறது, தண்ணீர் இறங்கவில்லை என்று நீ எழுதியதைப் பலரும் தலைகீழாக நினைப்பார்கள். தண்ணீர்தானே சுலபம் என்று தோன்றும். தொண்டையைப் பொறுத்தவரை தண்ணீர்தான் மிகவும் கஷ்டமான பொருள். குழைந்த சோறு மெதுவாக நகரும், நாக்கு தள்ளினால்தான் பின்னால் போகும். தண்ணீர் யாரையும் கேட்காமல் ஓடிவிடும். நமக்குத் தொண்டையில் ஒரே பாதைதான், மூச்சும் அதில் போகிறது, சாப்பாடும் அதில் போகிறது. விழுங்குகிற நேரத்தில் மூச்சு ஒரு கணம் நிற்கும். குரல்வளை மேலேயும் முன்னாலேயும் எழும்பும். தொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே எச்சில் விழுங்கிப் பார், மேலே ஏறி இறங்குவது தெரியும். அதே நேரத்தில் குரல் நாண்கள் இரண்டும் ஒட்டி மூடிக்கொள்ளும், குரல்வளை மூடி சாயும், உணவுக்குழாயின் வாசல் திறக்கும். இத்தனையும் சுமார் ஒரு விநாடிக்குள் நடந்து முடிந்துவிடும். பக்கவாதத்தில் இந்த ஒரு விநாடி தாமதமாகத் தொடங்கினால், மூடுவதற்கு முன்னால் தண்ணீர் மூச்சுக்குழாய் வாசலுக்கு வந்துவிடுகிறது. அதைத்தான் நாம் புரையேறுவது என்கிறோம்.

இப்போது யோசித்துப் பார். நாக்கு, உதடு, அண்ணம், குரல்வளை, மூச்சு. பேசுவதற்கும் இவைதான், விழுங்குவதற்கும் இவைதான். நரம்புகளும் பெரும்பாலும் அவையே. நாக்கின் எந்தப் பகுதி எந்த ஒலிக்கு எவ்வளவு உயர வேண்டும், குரல் நாண் எப்போது மூட வேண்டும் என்று ஏற்கெனவே படித்து வைத்திருந்தவர்கள் பேச்சுத் துறைக்காரர்கள். அதனால்தான் விழுங்குதல் எங்கள் கைக்கு வந்தது. ஆனால் அது தானாக வந்துவிடவில்லை, ஒருவர் வாழ்நாள் முழுக்க உழைத்துக் கொண்டுவந்தார். அவரைப் பற்றித்தான் உனக்குச் சொல்ல வேண்டும்.

அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே படித்து அங்கேயே பேராசிரியரானவர் ஜெரி லோக்மன். 1942-இல் பிறந்தார், 2014-இல் காலமானார். ஆரம்பத்தில் அவருடைய ஆராய்ச்சி பார்க்கின்சன் என்ற நடுக்க நோய் வந்தவர்களின் பேச்சு பற்றியது. 1978-இல் அவருடைய குழு வெளியிட்ட கட்டுரை ஒன்றில் 200 பார்க்கின்சன் நோயாளிகளின் பேச்சை ஆராய்ந்திருந்தார்கள். நூற்றுக்கு 89 பேருக்குக் குரலில் கோளாறு, 45 பேருக்கு உச்சரிப்பில் கோளாறு என்று கணக்கு வந்தது. நோய் முதலில் குரலைத் தொட்டு, அப்புறம் நாக்குக்கும் உதட்டுக்கும் பரவுகிறதோ என்ற கேள்வி அதிலிருந்து எழுந்தது. இப்படிப்பட்ட நோயாளிகளை எக்ஸ்ரேயில் பேசச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்த அந்தக் குழு, விழுங்கவும் சொல்லிப் பார்த்தது. 1970-களின் நடுவிலேயே பேச்சையும் விழுங்குதலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்ட கட்டுரை வந்துவிட்டது.

அந்தக் காலத்தில் விழுங்குவதை எக்ஸ்ரேயில் பார்க்க வழி இல்லாமல் இல்லை. பேரியம் என்ற வெள்ளைக் கரைசலை ஒரு டம்ளர் நிறையக் கொடுத்துக் குடிக்கச் சொல்வார்கள். உணவுக்குழாயிலும் வயிற்றிலும் அடைப்பு இருக்கிறதா என்று பார்ப்பதற்கான சோதனை அது. தொண்டையில் ஓடும் அந்த ஒரு விநாடியை யாரும் நின்று பார்க்கவில்லை. புரையேறுகிற ஆளுக்கு ஒரு டம்ளர் கொடுத்தால் அவ்வளவும் நுரையீரலுக்குப் போய்விடும் என்ற பயம் வேறு. லோக்மன் செய்தது கேட்க மிக எளிமையாக இருக்கும். அளவைக் குறைத்தார். டீஸ்பூனில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர்ப்பதம், அதே அளவு களிப்பதம், அப்புறம் பேரியம் தடவிய பிஸ்கட்டில் கால் துண்டு. ஒவ்வொன்றையும் இரண்டு முறை. படத்தை வயிற்றிலிருந்து எடுத்து வாய்க்கும் தொண்டைக்கும் திருப்பினார். அதனால் இதற்குப் பிஸ்கட் சோதனை என்றே ஒரு செல்லப்பெயர் உண்டு. மாற்றியமைத்த பேரியம் சோதனை என்று இன்றைக்கு உலகம் முழுக்கச் செய்வது இதுதான். 1983-இல் இந்த முறையையும் சிகிச்சையையும் சேர்த்து அவர் எழுதிய புத்தகம் வெளிவந்தது. எங்கள் தலைமுறைக்கு அதுதான் பாடம்.

ஆனால் அளவைக் குறைத்ததைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. நுரையீரலுக்குப் போகிறதா இல்லையா என்று பார்த்து, "போகிறது, வாயால் கொடுக்காதே" என்று எழுதிவிட்டுப் போவது அவருக்குப் போதவில்லை. ஏன் போகிறது? நாக்கு தள்ளவில்லையா, தொடக்கம் தாமதமா, குரல்வளை எழும்பவில்லையா, கீழ்வாசல், அதாவது உணவுக்குழாயின் வாசல், திறக்கவில்லையா? அந்த மேஜையிலேயே, படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, தலையைக் குனியச் சொல்லி ஒரு வாய், பலவீனமான பக்கம் திருப்பச் சொல்லி ஒரு வாய், பதத்தை மாற்றி ஒரு வாய் கொடுத்துப் பார்த்தார். எதில் சரியாக இறங்குகிறதோ அதுவே சிகிச்சை. தலையை ஒரு பக்கம் திருப்புவதால் என்ன நடக்கிறது என்று 1989-இல் தனியாக ஒரு கட்டுரையே வந்தது. திருப்பிய பக்கத்தின் வழி அடைபடுகிறது, உணவு நல்ல பக்கம் வழியாகப் போகிறது, கீழ்வாசலும் நன்றாகத் திறக்கிறது. தலையைத் திருப்புகிற சின்ன அசைவு ஒரு மனிதரை உணவு செலுத்தும் மூக்குக் குழாயிலிருந்து விடுவிக்கும் என்பதை நான் என் கண்ணால் பலமுறை பார்த்திருக்கிறேன். இன்னமும் எனக்கு அது பழகவில்லை, ஒவ்வொரு முறையும் நெஞ்சு நிறைகிறது.

"ஆயுள் முழுக்க என்ன இருக்கிறது" என்று கேட்டாயே, அந்த ஒரு விநாடியை எடுத்துக்கொள். வீடியோவில் அது சுமார் 30 படங்கள். ஒவ்வொரு படமாக நிறுத்தி நிறுத்திப் பார்க்க வேண்டும். உணவு தாடையின் பின்கோட்டைத் தாண்டியது எந்தப் படத்தில், குரல்வளை எழும்பத் தொடங்கியது எந்தப் படத்தில் என்று எண்ண வேண்டும். ஒருவர் எண்ணியதை இன்னொருவர் பார்க்காமல் மறுபடி எண்ணி ஒத்துப்போகிறதா என்று சரிபார்க்க வேண்டும். இப்படிப் பல நூறு ஆட்கள். அவரிடம் படித்த பானி மார்ட்டின் ஹாரிஸ் பிற்பாடு இந்த விநாடியை 17 கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போடும் முறையை 2008-இல் வெளியிட்டார். ஆசிரியர் தொடங்கியதை மாணவி இன்னும் நுணுக்கமாக்கினார். இந்தத் துறை அப்படித்தான் வளர்ந்திருக்கிறது.

நம் ஊரில் புரையேறினால் "யாரோ நினைக்கிறார்கள்" என்று சொல்லி உச்சந்தலையில் தட்டுவோம். அது அன்பான பேச்சு, அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் பக்கவாதம் வந்த வீட்டில் இருமல் என்பது உடம்பு அடிக்கும் மணி. அந்த மணி அடிக்கிற வரைக்கும் ஓரளவு தைரியமாக இருக்கலாம். பயப்பட வேண்டியது மணி அடிக்காத வீட்டில். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவரை அழைத்து வந்தார்கள். இருமலே இல்லை, நன்றாகக் குடிக்கிறார் என்று மகன் சொன்னார். மூன்று மாதத்தில் மூன்று தடவை காய்ச்சல், ஒவ்வொரு தடவையும் நெஞ்சுச் சளி. தண்ணீர் குடித்த பிறகு அவரைப் பேசச் சொன்னேன், குரல் ஈரமாகக் களகளவென்று வந்தது. படம் எடுத்துப் பார்த்தபோது ஒவ்வொரு வாயிலும் கொஞ்சம் மூச்சுக்குழாய்க்குள் இறங்குகிறது, அவர் சாவதானமாக அடுத்த வாய்க்குக் கை நீட்டுகிறார். தொண்டைக்குள் உணர்ச்சி போய்விட்டது. இதை ஓசையில்லாத புரையேற்றம் என்று சொல்லலாம். கட்டிலருகே நின்று பார்த்து மட்டும் முடிவு சொன்னால், நுரையீரலுக்கு இறங்குகிறவர்களில் நூற்றுக்கு 40 பேர் அளவுக்குத் தவறவிட்டுவிடுவோம் என்று லோக்மன் அன்றைக்கே எழுதியிருந்தார். நான் அதைப் படித்துத்தான் இருந்தேன், ஆனால் அந்தப் பெரியவரைப் பார்த்த அன்றுதான் அது எனக்குள் இறங்கியது.

சரி, அவருடைய வாழ்க்கையில் நான் மிகவும் மதிக்கும் கட்டத்துக்கு வருகிறேன். தண்ணீர் புரையேறுகிறவர்களுக்குத் தண்ணீரைக் கெட்டியாக்கிக் கொடுப்பது எல்லா ஊரிலும் வழக்கமாகிவிட்டிருந்தது. தலையைக் குனிந்து விழுங்கச் சொல்வதும் வழக்கம். இரண்டில் எது நல்லது, உண்மையிலேயே நல்லதுதானா என்று யாரும் பெரிய அளவில் சோதித்ததில்லை. லோக்மனும் ஜோஆன் ராபின்ஸும் இன்னும் பலரும் சேர்ந்து அதைச் சோதித்தார்கள். மறதி நோய் அல்லது பார்க்கின்சன் உள்ள 711 பேருக்கு எக்ஸ்ரேயின் கீழ் மூன்று வழியையும் கொடுத்துப் பார்த்தார்கள். தலை குனிந்து தண்ணீர், பழரசப் பதத்தில் கெட்டி, தேன் பதத்தில் கெட்டி. படத்தில் தேன் பதம்தான் ஜெயித்தது. தலை குனிந்தபோது 68 சதவீதம் பேருக்கு மூச்சுக்குழாய்க்குள் இறங்கியது, பழரசப் பதத்தில் 63, தேன் பதத்தில் 53. மூன்றிலுமே இறங்கியவர்கள் ஏறக்குறைய பாதிப் பேர்.

இத்தோடு நிறுத்தியிருந்தால் "கெட்டியாகக் கொடு" என்று எல்லாரும் சந்தோஷமாகச் சொல்லியிருப்பார்கள். அவர்கள் நிறுத்தவில்லை. 515 பேரை மூன்று மாதம் பின்தொடர்ந்து, யாருக்கு நிமோனியா வருகிறது என்று பார்த்தார்கள். 2008-இல் முடிவு வந்தது. தலை குனிந்து குடித்தவர்களுக்கும் கெட்டியாகக் குடித்தவர்களுக்கும் நிமோனியாவில் நம்பிச் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. மொத்தத்தில் சுமார் 11 சதவீதம் பேருக்கு வந்தது. ஆனால் உடம்பில் நீர் வற்றிப்போனது, தலை குனிந்து குடித்தவர்களில் 2 சதவீதம் பேருக்கு, கெட்டியாகக் குடித்தவர்களில் 6 சதவீதம் பேருக்கு. காரணம் எளிது. கெட்டித் தண்ணீரை யாருக்கும் குடிக்கப் பிடிப்பதில்லை, அதனால் கொஞ்சமாகக் குடிக்கிறார்கள்.

முப்பது வருடமாக எக்ஸ்ரே படத்தை நம்பி ஒரு துறையைக் கட்டியெழுப்பியவர், "படத்தில் நன்றாகத் தெரிவது மனிதருக்கு நன்றாக இருக்கும் என்று உறுதி இல்லை" என்று காட்டும் முடிவில் தன் பெயரையும் போட்டு வெளியிட்டார். மேலூரில் உன் தாத்தாவுக்கு ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு "எல்லாவற்றையும் கெட்டியாகக் கொடுங்கள்" என்று எழுதினால், அதைக் கேள்வி கேட்கும் உரிமையை நமக்கு வாங்கிக் கொடுத்தது அந்த ஆய்வுதான். சித்திரை வெயிலில், மின்விசிறி நின்றுபோன மத்தியானத்தில், ஒரு வயசானவருக்கு நீர் வற்றுவது என்றால் என்ன என்று நம் ஊர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நிமோனியா எப்படித்தான் வருகிறது என்றால், அதற்கு இன்னொரு பெண்ணின் வேலையைச் சொல்ல வேண்டும். சூசன் லாங்மோர் 1988-இல் மூக்கு வழியாக மெல்லிய கேமரா விட்டு விழுங்குவதைப் பார்க்கும் முறையை வெளியிட்டவர். எக்ஸ்ரே அறைக்குப் போக முடியாத நோயாளிக்குக் கட்டிலிலேயே செய்துவிடலாம். அவர் 1998-இல் வயசானவர்கள் 189 பேரைப் பின்தொடர்ந்து, நிமோனியாவை முன்கூட்டியே காட்டும் அறிகுறிகள் எவை என்று பார்த்தார். விழுங்கும் கோளாறு மட்டும் இருந்தால் போதவில்லை. பிறர் ஊட்டிவிட வேண்டிய நிலை, பிறர் பல் துலக்கிவிட வேண்டிய நிலை, சொத்தைப் பற்கள், குழாய் வழி உணவு, பல நோய்கள், பல மருந்துகள், புகை. இவைதான் பட்டியலில் நின்றன. ஜப்பானில் யோனெயாமாவின் குழு 11 முதியோர் இல்லங்களில் 417 பேரை இரண்டு வருடம் பார்த்து, வாயைத் தினமும் முறையாகச் சுத்தம் செய்த இடத்தில் நிமோனியா 11 சதவீதம், செய்யாத இடத்தில் 19 சதவீதம் என்று 2002-இல் எழுதியது. உள்ளே இறங்கும் தண்ணீரைவிட அது அள்ளிக்கொண்டு போகும் வாய் அழுக்குதான் நுரையீரலைக் கெடுக்கிறது. "சாப்பாடே வாயால் கொடுக்கவில்லை, எதற்குப் பல் துலக்க வேண்டும்" என்று மூக்குக் குழாய் போட்ட வீடுகளில் கேட்பார்கள். அவர்களுக்குத்தான் வாய் சுத்தம் ரொம்ப அவசியம். தாத்தாவுக்குப் பல் இருக்கோ இல்லையோ, காலையும் இரவும் மெத்தென்ற பிரஷ்ஷாலோ ஈரத் துணியாலோ ஈறு, நாக்கு, கன்னத்தின் உள்பக்கம் எல்லாம் துடைத்துவிடு. வாய் கோணிய பக்கத்துக் கன்னத்தில் சோறு ஒளிந்திருக்கும், விரலை விட்டுப் பார். இதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், இன்றைக்கே தொடங்கலாம்.

இப்போது நம் ஊர் விஷயம். இதை நான் பல வருடமாக மனசில் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

நாம் எப்படித் தண்ணீர் குடிக்கிறோம்? எச்சில் படாமல், சொம்பைத் தூக்கிப் பிடித்து, அண்ணாந்து. சின்ன வயசிலிருந்து அப்படித்தான் பழக்கப்படுத்தினார்கள். வாய் வைத்துக் குடித்தால் பாட்டி திட்டுவாள். நல்ல தொண்டைக்கு அதில் ஒரு ஆபத்தும் இல்லை. ஆனால் விழுங்குதல் தாமதமாகத் தொடங்குகிற தொண்டைக்கு அதைவிட மோசமான நிலை இல்லை. தலை பின்னால் சாய்ந்தால் மூச்சுவழி நன்றாகத் திறந்து கிடக்கும். தண்ணீர் நாக்கின் கட்டுப்பாடு இல்லாமல் நேரே தொண்டையில் விழும். எவ்வளவு விழுகிறது என்பதும் நம் கையில் இல்லை. லோக்மன் குனியச் சொன்னார், நாம் அண்ணாந்து நிற்கிறோம். என்னிடம் வரும் பக்கவாத நோயாளிகளில் பலருக்கு முதல் நாள் நான் மாற்றுவது இந்த ஒன்றைத்தான். அவருக்கென்று தனி டம்ளர் ஒன்று வைத்துவிட்டால் எச்சில் பிரச்சினையும் இல்லை. வாய் அகலமான டம்ளராக இருக்கட்டும், குறுகலான டம்ளரில் பாதி காலியானதும் மூக்கு இடித்துத் தலை தானாகப் பின்னால் போய்விடும்.

ஆனால் இதையும் சட்டமாக எடுத்துக்கொள்ளாதே. புகையிலையும் பாக்கும் போட்டு நாக்கில் புற்று வந்து, நாக்கின் ஒரு பகுதியை எடுத்துவிட்டவர்கள் நம் பக்கம் நிறையப் பேர். அவர்களுக்குத் தொண்டை நன்றாக வேலை செய்யும், நாக்கு தள்ளாது. அவர்களைத் தலையைப் பின்னால் சாய்க்கச் சொல்கிறோம், ஈர்ப்பு விசை நாக்கின் வேலையைச் செய்துகொடுக்கும். லோக்மனின் வேலையில் பெரும்பங்கு இப்படி வாய், தொண்டைப் புற்று அறுவை செய்தவர்களைப் பற்றியதுதான். ஒருவருக்கு ஆகாத அண்ணாத்தல் இன்னொருவருக்குச் சோறு போடுகிறது. அதனால்தான் பார்க்காமல் சொல்லக்கூடாது என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். உன் தாத்தாவுக்கும் குனிவதுதான் சரி என்று நான் இங்கிருந்து முடிவு கட்ட முடியாது. நேராக நிமிர்ந்து உட்கார்ந்து, அண்ணாக்காமல், சின்னச் சின்ன வாயாக என்பது மட்டும் பார்த்துச் சொல்கிற வரைக்கும் பாதுகாப்பானது.

அப்புறம் பதம். 2013-இல் பல நாட்டுக்காரர்கள் சேர்ந்து தொடங்கிய முயற்சியில், தண்ணீர் முதல் சாதாரண உணவு வரை 0 முதல் 7 என்று படி பிரித்திருக்கிறார்கள். திரவத்தின் பதம் பார்க்க 10 மில்லி சிரிஞ்சு போதும். ஊசியைக் கழற்றிவிட்டு, கீழே விரலால் அடைத்து, 10 மில்லி ஊற்றி, விரலை எடுத்து 10 விநாடி விட வேண்டும். மிச்சம் 1 மில்லிக்குக் குறைவு என்றால் தண்ணீர், 4 வரை என்றால் கொஞ்சம் கெட்டி, 8 வரை என்றால் ஓரளவு கெட்டி, அதற்கு மேலே நல்ல கெட்டி. சிரிஞ்சின் நீளம்கூட கணக்கு, 10 மில்லிக் கோடு வரை 61.5 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். நம் வீட்டுப் பொருட்களை இதில் ஊற்றிப் பார்ப்பது எனக்குப் பிடித்த வேலை. சாயங்காலம் தள்ளுவண்டியில் விற்கும் பருத்திப்பால் இருக்கிறதே, அரிசிமாவு போட்டுக் காய்ச்சியது, அது பலருக்கு அருமையாக இறங்கும். ஆனால் சூட்டில் ஒரு பதம், ஆறினால் வேறு பதம். கேழ்வரகுக் கூழும் அப்படியே. குடிக்கிற சூட்டில்தான் சோதிக்க வேண்டும்.

இன்னொன்று, எச்சில் பட்ட கஞ்சி நீர்த்துப் போகும் என்று நம் பாட்டிமார்களுக்குத் தெரியும். அது எச்சிலில் உள்ள நொதி மாவுச்சத்தை உடைப்பதால். வாயில் வைத்த அதே ஸ்பூனைக் கிண்ணத்தில் போட்டுக் கிளறிக் கிளறி ஊட்டினால், முதல் ஸ்பூனில் கெட்டியாக இருந்த கஞ்சி கடைசியில் தண்ணீராகிவிடும். அந்தக் கடைசி ஸ்பூன்களில் புரையேறும். "முதலில் நன்றாகத்தான் குடித்தார், முடியும்போதுதான் இருமினார்" என்று சொல்கிற வீடுகளில் நான் முதலில் விசாரிப்பது ஸ்பூனைத்தான்.

ஜிகர்தண்டாவைப் பற்றிக் கேட்காமல் மதுரையில் ஒரு நோயாளியும் வீட்டுக்குப் போவதில்லை. கெட்டியாகத்தானே இருக்கிறது, கொடுக்கலாமா என்பார்கள். வேண்டாம். மேலே உள்ள ஐஸ்கிரீம் வாயில் உருகினால் வெறும் திரவம், நடுவில் வழுக்கும் பிசின், அடியில் பால். மூன்று பதம் ஒரே வாயில் வந்தால் நாக்கு எதைப் பிடிக்கும், எதை விடும்? நீர்த்த ரசம் ஊற்றிய சோறும் இதே ரகம்தான். ரசத்தைப் பிழிந்துவிட்டோ சோற்றோடு நன்றாக மசித்தோ ஒரே பதமாகக் கொடுக்க வேண்டும். ஆனால் புளிப்பு ருசி விழுங்குதலைச் சீக்கிரம் தூண்டுகிறது என்று லோக்மனே 1995-இல் எலுமிச்சைச் சாறு கலந்து கொடுத்துக் காட்டியிருக்கிறார். அதனால் சப்பென்ற கஞ்சியையே கொடுத்து வயசானவர்களை வதைக்க வேண்டியதில்லை.

இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம், இவற்றில் பலவற்றை நான் அனுபவத்தில்தான் சொல்கிறேன், ஆராய்ந்து உறுதி செய்ய வேண்டியது இன்னும் நிறைய இருக்கிறது. அண்ணாந்து குடிக்கும் பழக்கமுள்ளவர்களைப் படத்தில் வைத்து, படம் படமாக எண்ணிப் பார்க்க வேண்டும். கம்பங்கூழ், பருத்திப்பால், மோர்ச்சோறு எல்லாவற்றையும் சூடு வாரியாக அளந்து எழுத வேண்டும். எண்பது வயதில் அறுபது வருடப் பழக்கத்தை மாற்றச் சொன்னால் எத்தனை பேர் மாற்றுகிறார்கள், மாற்றியவர்களுக்கு நிமோனியா குறைகிறதா என்று பின்தொடர வேண்டும். உன் வயசுப் பிள்ளைகள் இதற்கு வர வேண்டும் என்று எனக்கு உண்மையான ஆசை.

பேச்சுக் கோளாறைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உன் தாத்தாவுக்கு வார்த்தை தெரிகிறது, வாய் குழறுகிறது என்றால் அது தசையின் பலவீனம். வார்த்தையே வரவில்லை, நீ சொல்வதும் புரியவில்லை என்றால் அது மூளையில் மொழிப் பகுதியின் பாதிப்பு. இரண்டும் வேறு, பயிற்சியும் வேறு. குழறலில் பல வகை உண்டு என்பதை 1969-இல் டார்லி, ஆரன்சன், பிரவுன் மூவரும் 212 நோயாளிகளின் பேச்சைக் காதால் கேட்டே பிரித்துக் காட்டினார்கள். அவர்கள் கேட்டது ஆங்கிலம். நமக்கு ழ, ள, ல மூன்றும் வேறு, ண, ந, ன வேறு. நாக்கு நுனி மேலே வளையும் ஒலிகள் தமிழில் அதிகம். நுனியில் பலவீனம் வந்தால் தமிழ் பேசுகிறவருக்கு முதலில் எது போகும் என்பது ஆங்கிலப் பட்டியலைப் பார்த்தால் தெரியாது. பேச்சும் விழுங்குதலும் ஒன்றையொன்று தொடுகிறது என்பதற்கு ஒரு நல்ல உதாரணம், பார்க்கின்சன் நோயாளிகளுக்கு லோரைன் ராமிக் உருவாக்கிய உரத்த குரல் பயிற்சி. அந்தப் பயிற்சி முடித்த 8 பேரைப் பரிசோதித்தபோது விழுங்குதலும் மேம்பட்டிருந்தது என்று 2002-இல் கட்டுரை வந்தது. சின்ன ஆய்வுதான், ஆனால் எழுதியவர்களில் லோக்மனும் ஒருவர்.

படிப்பு பற்றி. பேச்சு, செவிப்புலன் இரண்டையும் சேர்த்துப் படிக்கும் இளநிலைப் பட்டம் இருக்கிறது, பயிற்சி வருடத்தோடு நான்கு வருடம். அப்புறம் பேச்சு மொழி நோயியலில் இரண்டு வருட முதுநிலை, அதன்பின் முனைவர் பட்டம். மைசூரில் 1965-இல் தொடங்கிய மத்திய அரசின் பேச்சு, செவிப்புலன் நிறுவனம் இதற்குத் தாய்வீடு மாதிரி. சென்னையிலும் படிக்கலாம். படித்து முடித்தவர் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். நீ தாத்தாவைக் கூட்டிப்போகும்போதும் அந்தப் பதிவு எண் இருக்கிறதா என்று தயங்காமல் கேள். பிளஸ் டூவில் உயிரியல் பிடித்திருந்தால் நல்லது, இயற்பியலில் ஒலி பற்றிய பாடத்தை விட்டுவிடாதே.

தாத்தாவைப் பற்றி ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. ஷாஹீன் ஹம்டி என்பவர் இங்கிலாந்தில் மான்செஸ்டரில் செய்த ஆராய்ச்சி இது. விழுங்குவதை மூளையின் இரண்டு பக்கமும் பார்த்துக்கொள்கின்றன, ஆனால் சமமாக இல்லை, ஒரு பக்கத்துக்குப் பங்கு அதிகம். அந்தப் பெரிய பக்கம் அடிபட்டால் விழுங்குதல் போகிறது. அவர் 1990-களில் பக்கவாத நோயாளிகளை மூன்று மாதம் பின்தொடர்ந்தபோது, விழுங்குதல் திரும்பியவர்களுக்கு அடிபடாத பக்கத்தின் பங்கு வளர்ந்திருந்தது. நல்ல பக்கம் வேலையைக் கற்றுக்கொள்கிறது. ஆறு வாரம்தான் ஆகிறது, இன்னும் நேரம் இருக்கிறது.

வரும்போது ஒரு காரியம் செய்துகொண்டு வா. ஒரு பழைய நோட்டில் மூன்று நாள் எழுது: என்ன கொடுத்தீர்கள், எந்தப் பதம், எவ்வளவு சூடு, டம்ளரா ஸ்பூனா, உட்கார்ந்தா சாய்ந்தா, எத்தனையாவது வாயில் இருமினார், குடித்த பிறகு "ஆ" என்று சொல்லச் சொன்னால் குரல் தெளிவா, களகளவென்றா. காய்ச்சலோ மூச்சுத் திணறலோ வந்தால் நோட்டெல்லாம் வேண்டாம், உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போ. மாத்திரையைப் பொடித்துக் கொடுக்கலாமா என்று டாக்டரிடம் கேட்காமல் பொடிக்காதே, சில மாத்திரைகளைப் பொடிக்கக் கூடாது. சாப்பிட்ட பிறகு அரைமணி நேரம் படுக்கவிடாதே. அவர் எந்த நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிடுகிறாரோ அதையும் அவர் குடிக்கும் டம்ளரையும் போனில் படம் எடுத்துக்கொண்டு வா. நான் முதலில் பார்க்கக் கேட்பது அந்த இரண்டையும்தான்.